தோற்கும் அணிக்கு ஒரு ரசிகன்: தமிழ்நாட்டு ரஞ்சி அணியும் நம்பிக்கையின் கணக்கும்

சங்க மலர் என்றால் சங்க இலக்கியம், திருக்குறள், தீவுகளில் தமிழர் குடியேறிய வரலாறு ஆகியவை பற்றிய கட்டுரைகள் இருப்பது வழக்கம். இவற்றுக்கு நடுவில் கிரிக்கெட்டா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எனினும் இந்தத் தீவுகளில் வாழும் என் தலைமுறைத் தமிழர்களுக்கு மெயின்லேண்டோடு இருந்த உறவுகளில் கடிதம், கப்பல், வானொலி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இன்னொன்றும் இருந்தது. அது தமிழ்நாட்டு ரஞ்சிக் கோப்பை அணி. கடைசிவரை வந்து கோட்டை விடுவதில் பெயர் பெற்ற அணி அது.

அப்படிப்பட்ட அணியின் ரசிகனாகப் பல ஆண்டுகள் இருந்துகொண்டே நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது? நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளாமல் நம்ப முடியுமா? இக்கேள்விகளுக்கு என் அனுபவத்துக்கு எட்டிய விடையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இதைப் படிக்கலாம். தோல்வி எல்லார் வீட்டிலும் உள்ளதுதானே!

கணக்கு முதலில்

நம்பிக்கையைப் பற்றிப் பேசுமுன் கணக்கை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சென்னைச் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4-ஆம் தேதி சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகள் எடுக்க, சென்னை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. கோப்பையின் வரலாற்றில் முதல் வெற்றி நம்முடையது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அடுத்து வருவது அவ்வளவு இனிப்பாக இராது.

2024-25 பருவம் வரை சென்னை, தமிழ்நாடு என்ற இரு பெயர்களிலும் நம் அணி 12 முறை இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறது. வென்றது 2 முறை மட்டுமே. 1954-55-இல் பாலு அழகணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வென்றோம். பிறகு 33 ஆண்டுகள் காத்திருந்து, 1987-88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றோம். டபிள்யூ.வி. ராமன் 1,018 ஓட்டங்கள் குவித்து, ஒரு பருவத்தில் அதிக ஓட்டங்கள் என்ற ரூசி மோடியின் பழைய சாதனையை முறியடித்த ஆண்டு அது.

மற்ற 10 இறுதிப் போட்டிகளிலும் தோல்விதான். 1935-36, 1967-68, 1972-73, 2002-03, 2003-04 ஆகிய ஐந்திலும் எதிரே இருந்தது பம்பாய், அதாவது மும்பை. 1940-41-இல் மகாராஷ்டிரம், 1991-92-இல் டெல்லி, 1995-96-இலும் 2014-15-இலும் கர்நாடகம், 2011-12-இல் ராஜஸ்தான். 1988-க்குப் பிறகு மட்டும் ஆறு முறை கோப்பைக்கு ஓர் ஆட்டம் தள்ளி நின்று திரும்பியிருக்கிறோம்.

ரசிகனுக்கு இதுவே பெரிய சோதனை. எப்போதும் கடைசி இடத்தில் இருக்கும் அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே ஏமாற்றமும் இல்லை. நம் அணியோ படியேற்றிக் கூட்டிப்போய், வாசலில் நிறுத்திவிட்டு வரும்.

தோல்வி எப்படி நேர்கிறது

தோல்வியின் வலி குறைய வேண்டுமானால் அது நேரும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 'ராசியில்லை' என்று சொல்லிவிட்டால் அப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கும் வேலை இல்லை.

ரஞ்சிக் கோப்பையின் வெளியேற்றுச் சுற்றுகளில் ஒரு விதி உண்டு. ஆட்டம் முடிவில்லாமல் போனால் முதல் இன்னிங்சில் முன்னிலை பெற்ற அணியே வென்றதாகக் கொள்ளப்படும். நாம் இழந்த 10 இறுதிப் போட்டிகளில் நான்கு (1967-68, 1995-96, 2003-04, 2011-12) இவ்விதிப்படி போனவை. அவற்றில் நாம் முழுமையாக வீழ்த்தப்படவில்லை. எதிரணி முதல் இன்னிங்சில் நம்மைவிட அதிக ஓட்டம் எடுத்துவிட்டது. நாம் அதை எட்டவில்லை. 2011-12-இல் ராஜஸ்தான் 621 எடுத்தது. வினீத் சக்சேனா என்ற தொடக்க ஆட்டக்காரர் ஒருவரே 257. நாம் 295. மூன்று நாள் மீதமிருக்கும்போதே முடிவு தெரிந்துபோகிற ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

இன்னொரு வகைத் தோல்வி, நமக்குச் சாதகம் என்று நினைத்ததே பாதகமாவது. 1972-73 இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில், சுழலுக்கு ஏற்ற ஆடுகளத்தில் நடந்தது. நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டினோம். அப்புறம் என்ன வேண்டும் என்கிறீர்களா? அவர்களிடம் பத்மாகர் ஷிவல்கர் இருந்தார். முதல் இன்னிங்சில் 16 ஓட்டங்களுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். நாம் 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்தோடு கதை முடிந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து 15-ஆவது கோப்பை. அந்த ஷிவல்கருக்கோ இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. எதிரணிக்காரருக்கும் காத்திருப்பு உண்டு என்பதை ரசிகன் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வகை, இயற்கை குறுக்கிடுவது. 2022 டிசம்பரில் ஐதராபாத்தில் நடந்த ஆட்டத்தில் 11 ஓவரில் 144 எடுத்தால் வெற்றி. ஜெகதீசனும் சாய் சுதர்சனும் 7 ஓவரில் விக்கெட் இழப்பின்றி 108 எடுத்துவிட்டார்கள். இன்னும் 36 ஓட்டம்தான். அப்போது வெளிச்சம் போதவில்லை என்று ஆட்டம் நின்றது, நின்றதுதான்! அந்தப் பருவத்தில் நாம் காலிறுதிக்கே போகவில்லை.

இந்திய அணிக்கு நம் வீரர்கள் போய்விடுவதால்தான் தோற்கிறோம் என்று ஒரு சமாதானமும் வழக்கத்தில் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மும்பையிலிருந்தும்தான் போகிறார்கள். அவர்கள் 2023-24 வரை 42 கோப்பைகளை வென்றிருக்கிறார்கள். ஆகவே அந்தச் சமாதானத்தை அளவோடு வைத்துக்கொள்வதே நாகரிகம்.

கடலுக்கு இப்பால்

இந்தக் கதையில் நம் தீவுகளுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். அந்தமான் நிக்கோபாருக்கென்று ரஞ்சி அணி கிடையாது. இங்கே பிறந்த பையன் நன்றாகப் பந்து வீசினாலும் சொந்த ஊர் பெயரில் அந்தக் கோப்பைக்கு ஆட வழியில்லை. எனவே அவரவர் அப்பா அம்மா எந்த மண்ணிலிருந்து வந்தார்களோ அந்த மண்ணின் அணியை எடுத்துக்கொண்டோம். அபர்டீன் பஜாரில் ஒரே தேநீர்க் கடையில் வங்காளத்துக்கு ஒருவர், ஆந்திராவுக்கு ஒருவர், கேரளத்துக்கு ஒருவர், நமக்கு நாலு பேர் என்று உட்கார்ந்து வாதாடியது உண்டு.

ஆட்டத்தின் செய்தி வந்து சேர்வதும் லேசான காரியமாக இருக்கவில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர். பகலில் சென்னை வானொலியின் மத்திய அலை இங்கே எடுக்காது. இருட்டிய பிறகுதான் கடலைத் தாண்டி வரும். அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி, கூத்தபிரான் முதலியோரின் தமிழ் நேர்முக வருணனையை ஊரில் இருந்தவர்கள் பகலெல்லாம் கேட்டு அனுபவித்தார்கள். நமக்கு வாய்த்தது மாலை 6.30 மணி மாநிலச் செய்திகள். அதிலும் ஒரு வசதி உண்டு. இங்கே சூரியன் சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முந்தி மறைந்துவிடும். அதனால் மார்கழி மாதத்தில் ஆறரை மணிக்கு நன்றாக இருட்டி, ஒலி தெளிவாகக் கேட்கும். தோற்ற செய்தியும் தெளிவாகவே கேட்கும்!

விரிவான ஆட்ட விவரம் வேண்டுமென்றால் விமானத்தில் செய்தித்தாள் வர வேண்டும். வானிலை சரியில்லாவிட்டால் அதுவும் இல்லை. நாலு நாள் பேப்பர் மொத்தமாக வரும்போது, முடிவு தெரிந்த ஆட்டத்தின் முதல் நாள் விவரத்தை ஆசை ஆசையாகப் படிப்போம். முதல் நாள் 3 விக்கெட்டுக்கு 280 என்று இருக்கும். நாம் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் அந்த ஒரு பக்கத்தைப் படிக்கிறபோது மனசு நிறைந்துதான் இருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னை-அந்தமான் கடலடி ஒளியிழை வடம் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. இப்போது பந்துக்குப் பந்து கைப்பேசியில் தெரிகிறது. ஆனால் அந்தப் பழைய பேப்பர் கற்றுக்கொடுத்த பாடம் பெரிது. ஓர் ஆட்டத்தின் மதிப்பு அதன் முடிவில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. நல்ல முதல் நாள் என்பது நடந்த ஒன்று. அதை எந்தத் தோல்வியும் பின்னால் வந்து அழிக்க முடியாது.

காத்திருந்து பெற்றவர்கள்

இனி நம்பிக்கைக்கான சான்றுகளுக்கு வருவோம். சான்று இல்லாத நம்பிக்கை வெறும் ஆசை.

ராஜஸ்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-61 முதல் 1973-74 வரை 14 பருவங்களில் 8 முறை இறுதிப் போட்டிக்கு வந்து எட்டிலும் தோற்ற அணி அது. ஏழு முறை பம்பாயிடம், ஒரு முறை கர்நாடகத்திடம். பிறகு மெள்ள மெள்ளக் கீழ்ப்பிரிவுக்கே இறங்கிவிட்டது. 2010-11-இல் அந்தக் கீழ்ப்பிரிவிலிருந்தே ஆடத் தொடங்கி, முதல் ஆட்டத்தில் ஐதராபாத்தை 21 ஓட்டங்களுக்குச் சுருட்டி, அந்தப் பருவக் கோப்பையையே வென்றது. அடுத்த ஆண்டு மீண்டும் வென்றது, சேப்பாக்கத்தில் நம்மை வைத்து. அன்று எனக்கு வருத்தம்தான். ஆனால் எட்டு முறை தோற்ற வீட்டுக்காரனுக்குக் கிடைத்ததை எண்ணி முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

1955-இல் நாம் வென்ற ஹோல்கர் அணியின் மண், பிற்பாடு மத்தியப் பிரதேசம் ஆயிற்று. 1998-99 இறுதிப் போட்டியில் பெங்களூரில் சந்திரகாந்த் பண்டிட் தலைமையில் அந்த அணி கர்நாடகத்திடம் தோற்றது. 23 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், அதே பெங்களூர் மைதானத்தில், அதே பண்டிட் பயிற்சியாளராக இருக்க, மும்பையை வென்று மத்தியப் பிரதேசம் என்ற பெயரில் முதல் கோப்பையைப் பெற்றது.

பக்கத்துக் கேரளம் 2024-25-இல்தான் முதன்முதலாக இறுதிப் போட்டிக்கு வந்தது. காலிறுதியில் 1 ஓட்டம், அரையிறுதியில் 2 ஓட்டம் முதல் இன்னிங்ஸ் முன்னிலை. அந்த மூன்று ஓட்டங்களில்தான் அவர்களுடைய பல்லாண்டுக் காத்திருப்பு தொங்கியது. நாகபுரியில் விதர்பாவிடம் கோப்பையை விட்டுவிட்டாலும் மலையாள நண்பர்கள் கொண்டாடத் தவறவில்லை. இறுதிப் போட்டிக்கு வருவதே எவ்வளவு பெரிய காரியம் என்பதை, 12 முறை வந்த நாம் அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கடல் கடந்தால் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இதைவிடப் பெரிய காத்திருப்புகள் உள்ளன. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 1918-க்குப் பிறகு 2004 வரை, 86 ஆண்டுகள் காத்திருந்தது. சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 2016-இல் வென்றது. 108 ஆண்டுகள்! நம் ஊர்க் கணக்கில் 108 புனிதமான எண்தான். கப்ஸ் வென்ற நாள்களில் சிகாகோ ரசிகர்கள் ரிக்லி மைதானத்தின் செங்கல் சுவரில் சுண்ணக்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன தாத்தா, பாட்டி, அப்பா ஆகியோரின் பெயர்களும் அவற்றில் இருந்தன. ஒரு தலைமுறை நம்பியதை இன்னொரு தலைமுறை பார்த்தது. நமக்கும் முதல் கோப்பைக்கும் இரண்டாம் கோப்பைக்கும் இடையே 33 ஆண்டுகள். 1955-ஐக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் 1988-ஐப் பார்க்காமல் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தோற்றவனைப் பாடிய மரபு

வென்றவனை மட்டும் போற்றுவது நம் மரபில் இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். அந்த ஊர்ப் புலவர் வெண்ணிக் குயத்தியார் புறநானூற்று 66-ஆம் பாட்டில் கரிகாலனை நோக்கியே, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனா என்று கேட்கும் துணிவைக் காண்கிறோம். வென்ற அரசனின் முகத்துக்கு நேரே தோற்றவனின் சிறப்பைச் சொல்ல இடம் கொடுத்த இலக்கியம் நம்முடையது. திருக்குறளிலும் 'இடுக்கண் அழியாமை' என்று துன்பத்தில் மனம் தளராமைக்கென்றே 63-ஆம் அதிகாரம் உள்ளது. அரசியல் என்னும் பகுதியில், ஆள்பவனுக்கு வேண்டிய குணங்களுள் ஒன்றாக வள்ளுவர் அதை வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

2014-15 இறுதிப் போட்டியை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மும்பை வான்கடேயில் நாம் முதலில் 134-க்கு ஆட்டமிழந்தோம். கர்நாடகம் 762 எடுத்தது, கருண் நாயர் மட்டும் 328. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் இரண்டாம் இன்னிங்சில் தினேஷ் கார்த்திக் 120, விஜய் சங்கர் 103 என்று நின்று ஆடி, மொத்தம் 411 எடுத்தோம். இன்னிங்ஸ், 217 ஓட்டம் வித்தியாசத்தில் தோல்வி என்றுதான் பதிவேட்டில் இருக்கும். அந்த 411-ஐ ரசிகன்தான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அது அவன் வேலை.

பிள்ளைகள் கேட்கும் கேள்வி

என் வீட்டிலும், சங்கத்துக்கு வருகிற மற்றவர் வீடுகளிலும் இப்போது எழும் கேள்வி வேறு. “அப்பா, சி.எஸ்.கே. இருக்கிறப்ப இது எதுக்குப்பா?” நியாயமான கேள்வி. சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகளை வென்றிருக்கிறது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டால் போதும், வெற்றி பெற்ற கூட்டத்தில் நாமும் ஒருவர். அதுவும் போக, இது நம் தீவுப் பிள்ளைகள் உலக அளவில் வெல்லும் காலம். கார் நிக்கோபாரின் டெபோரா ஹெரால்டு, ஈசோ ஆல்பென் ஆகியோர் சைக்கிள் பந்தயத்தில் சாதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2019-இல் உலக இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஈசோ இருந்தார். அப்படியிருக்க, கடலுக்கு அப்பால் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணி நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

நான் சொல்லும் பதில் இதுதான். சி.எஸ்.கே.யைக் கொண்டாடு, தப்பில்லை. சைக்கிள் வீரர்களை அதைவிட அதிகமாகக் கொண்டாடு. ஆனால் சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் எந்த வழியாக வந்தார் என்று பார். தமிழ்நாட்டு அணியில் ஆடி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அதே ஆட்டத்தில் நம் வாஷிங்டன் சுந்தருக்கும் அது முதல் டெஸ்ட். 537 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2024-இல் ஓய்வு பெற்ற அஸ்வின் வளர்ந்ததும் அங்கேதான். கோப்பை வராத ஆண்டுகளிலும் அந்த அணி ஆள்களை வளர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. குறுகிய ஓவர் ஆட்டங்களில் கோப்பையும் வந்திருக்கிறது. 2021 நவம்பரில் சையது முஷ்டாக் அலி இறுதிப் போட்டியில் அதே கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ஓட்டம் தேவைப்பட்டபோது ஷாருக் கான் சிக்சர் அடித்தது மறக்கக்கூடியதா?

இன்னொன்றையும் சொல்வேன். இந்தத் தீவுகளுக்கு நம் முன்னோர் வந்தது ஜெயித்த கையோடு அல்ல. பிழைப்புத் தேடி வந்தவர்கள், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள், 2004 சுனாமியில் எல்லாம் இழந்து மறுபடி அஸ்திவாரம் போட்டவர்கள். வெற்றி வந்தால்தான் ஒட்டியிருப்பேன் என்று அவர்கள் எண்ணியிருந்தால் இந்தச் சங்கமும் இல்லை, இந்த மலரும் இல்லை. தோற்கும்போதும் ஓர் அணியோடு நிற்கப் பழகிய பிள்ளை, நாளைக்குத் தோற்கும் நண்பனோடும் நிற்பான் என்று நினைக்கிறேன்.

நடைமுறைக்குச் சில

கடைசியாக, என்னைப் போன்ற ரசிகர்களுக்கு உதவக்கூடிய சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கை மறைக்காதீர்கள். 12-இல் 2 என்பதை வாய்விட்டுச் சொல்லப் பழகினால் மற்றவர் கிண்டல் உறைக்காது. இரண்டாவது, முடிவை மட்டும் பார்க்காமல் நாள் நாளாகப் பாருங்கள். நாலு நாள் ஆட்டத்தில் நமக்கென்று ஒரு நாளாவது இருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு பருவத்திலும் ஓர் இளம் வீரரைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள். 2023-24-இல் அரையிறுதியில் மும்பையிடம் இன்னிங்ஸ், 70 ஓட்டத்தில் தோற்றோம். ஆனால் அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகமாக 53 விக்கெட் எடுத்தவர் நம் தலைவர் சாய் கிஷோர். நான்காவது, தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1955-ஐ எனக்கு ஒருவர் சொன்னதால்தான் 1988 எனக்கு இனித்தது.

'அடுத்த வருஷம் ஜெயிப்போம்' என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அடுத்த வருஷமும் ஐப்பசி வாக்கில் ஆட்டம் தொடங்கும், பதினோரு பேர் இறங்குவார்கள், நானும் கவனித்துக்கொண்டிருப்பேன். இவ்வளவுதான் எனக்கு நிச்சயம். நம்பிக்கை தங்குவதற்கு இந்த நிச்சயம் போதுமானது என்பதே இத்தனை காலம் தோற்றதில் நான் கண்டது. கோப்பை வந்தால் சங்கக் கட்டடத்தில் சர்க்கரைப் பொங்கல் என் செலவு. அன்பர்கள் தவறாமல் வரவேண்டும்.